வரிசை டொக்டரும் இருபத்திமூன்று கட்டங்களும்

சில்வெஸ்டர் அண்ணைக்கு ஒரு பகிடி சொன்னால் மூன்று விநாடி கழித்துத்தான் சிரிப்பார். நான் மணிக்கூடு பிடித்துப் பார்த்திருக்கிறேன். முதல் விநாடி உங்களை மரியாதையாகப் பார்ப்பார். இரண்டாவதில் நிலத்தைப் பார்ப்பார். மூன்றாவதில் தோள் இரண்டும் குலுங்கும். அதற்குள் பகிடி சொன்னவர் வேறு கதைக்குப் போயிருப்பார். இப்படிப்பட்ட மனிசனை ஏமாற்றுவது பாவம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஏமாற்றினேன். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத ஏலாது.

அவர் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். ஒன்பது வயதில் சித்தப்பாவோடு ஜெர்மனிக்கு வந்தவர். கெல்சென்கிர்ச்சனில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரு தையல்கடைக்கு மேலே, ஒற்றை அறையில் இருந்தார். டொக்டருக்குப் படிக்க வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. அதற்கு இங்கே சோதனைப் புள்ளிகள் வானத்தைத் தொட வேண்டும். தொடாதவர்கள் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அண்ணையின் புள்ளிகள் கூரையைத்தான் தொட்டன. ஆகவே ஐந்து வருடம் காத்திருந்தார். காத்திருந்த காலம் முழுவதும் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பகுதியில் தாதியாக வேலை செய்தார். இருபத்தெட்டு வயதில் எசன் நகரத்தில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. முதல் நாள் வகுப்புக்குப் போனபோது அங்கிருந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அவரைப் பேராசிரியர் என்று நினைத்துக் கதவைத் திறந்து பிடித்தார்களாம்.

எங்கள் ஆட்கள் அவருக்கு ‘வரிசை டொக்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தமிழ்க் கடையில் அவர் நிற்கும்போது, டொக்டர் வரிசையில் நின்று பழகினவர்தானே, எங்களை முன்னுக்கு விடட்டும் என்று யாராவது கேட்பார்கள். அவர் விடுவார். மூன்று விநாடி கழித்துச் சிரிப்பார். முன்னுக்குப் போனவர் அப்போது சாமான் வாங்கிக்கொண்டு தெருவில் நடந்துகொண்டிருப்பார்.

எங்கள் வீடு ஐந்து மாடிக் கட்டடத்தில் முதலாம் மாடி. கட்டடத்துக்கு ஒரே ஒரு படிக்கட்டு. எட்டுத் தமிழ்க் குடும்பம், இருபத்திமூன்று பிள்ளைகள். நானும் என் தம்பி, தங்கையும் அந்தக் கணக்கில் அடக்கம். வெளியே மழை பெய்தால் படிக்கட்டுத்தான் எங்கள் மைதானம். கெல்சென்கிர்ச்சனில் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணலாம்.

நாலாம் மாடியில் கலாதேவி அக்கா இருந்தார். அவருக்கு ஒக்டோபர் மாதம் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பிறக்க வேண்டிய நாளுக்கு மூன்று மாதம் முன்னதாகவே வந்துவிட்டது. ஒரு பாண் ரொட்டி அளவுதான் இருந்ததாம். நுரையீரல் முற்றவில்லை. தைமாதம் வரை ஆஸ்பத்திரிப் பெட்டிக்குள் வைத்திருந்து, பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்கள் அதைக் ‘குஞ்சு’ என்றே கூப்பிட்டோம், கூப்பிட்டோம் என்றாலும் பார்த்ததில்லை. அக்கா பிள்ளையைக் கதவுக்கு வெளியே கொண்டுவரவே இல்லை. சொந்தக்காரர் வாங்கிக் கொடுத்த தள்ளுவண்டி படிக்கட்டின் கீழே, பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாமல், மாதக்கணக்காக நின்றது.

அப்போது வந்தது 2006 வசந்தம். உலகக் கிண்ணப் போட்டி எங்கள் ஊரிலும் நடக்கப்போகிறது என்று பாலத்துக்கெல்லாம் வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். அதோடு பக்கத்து நகரங்களில் சின்னமுத்தும் வந்தது. இந்தியாக்காரர் இதைத் தட்டம்மை என்பார்கள். இருமினாலே ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தாவும். பெரிய பிள்ளைகளையே கட்டிலில் போட்டுவிடும். குஞ்சு மாதிரிப் பிள்ளைக்கு வந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாயால் சொல்லவில்லை.

குஞ்சு ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவர்களில் சில்வெஸ்டர் அண்ணையும் ஒருவர். படிக்கத் தொடங்கிய பிறகும் சனி ஞாயிறுகளில் அங்கே வேலைக்குப் போவார். டொக்டர்மார் ஜெர்மனில் சொன்னதைக் கலாதேவி அக்காவுக்குத் தமிழில் சொன்னவரும் அவர்தான். குஞ்சுக்குத் தடுப்பூசி போட வயது காணாது, பதினொரு மாதம் ஆகவேண்டும், அதுவரை சுற்றி இருப்பவர்களுக்கு நோய் வராவிட்டால்தான் பிள்ளைக்கும் வராது என்று விளங்கப்படுத்தினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ஒன்றே ஒன்று கேட்டாராம்.

“அப்ப நான் பிள்ளையை எப்ப கீழ கொண்டு போறது, தம்பி?”

“உந்தப் படியில ஓடுற இருபத்திமூண்டு பேருக்கும் ஊசி போட்டாப் பிறகு, அக்கா.”

அடுத்த நாள் ஒரு பெரிய தாளில் எங்கள் படிக்கட்டை வரைந்து கொண்டுவந்தார். ஒவ்வொரு மாடியிலும் அங்கே இருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டங்கள். மொத்தம் இருபத்திமூன்று. ஊசி போட்ட பிள்ளையின் கட்டத்துக்குப் பச்சை அடிப்பது என்று ஏற்பாடு. அந்தத் தாளைக் கலாதேவி அக்காவின் கதவுக்கு உட்பக்கம் ஒட்டினார். அக்கா காலையில் எழும்பினால் முதலில் சாமியைப் பார்ப்பார், பிறகு அந்தத் தாளைப் பார்ப்பார். எங்கள் கட்டங்கள் வெள்ளையாக இருந்தன.

இது எங்கள் கட்டடத்துக்கு மட்டும் என்று அவர் தொடங்கவில்லை. எசனில் அவரோடு படித்த ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அவர்களுடைய யோசனை சின்னது. பாஷை தெரியாமல், டெர்மின் என்கிற முன்பதிவு எடுக்கத் தெரியாமல், வேலையிலிருந்து லீவு கேட்கப் பயந்து சில சனங்கள் டொக்டரிடம் போவதில்லை. அப்படியானால் டொக்டர்தான் அவர்களிடம் போகவேண்டும். ஊசி போடச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் டொக்டர் வருவார். ஆட்களைச் சேர்ப்பதும், ஊசிப் புத்தகங்களைப் பார்ப்பதும், அழுகிற பிள்ளையைப் பிடிப்பதும் மாணவர்களின் வேலை. துருக்கிக்காரர் தெருவில் இது நன்றாக நடந்தது. எங்கள் ஆட்களிடம்தான் அண்ணை வழுக்கி விழுந்தார்.

முதல் சனிக்கிழமை அவரும் அவரோடு படித்த அன்யா என்கிற ஜெர்மன் பெண்ணும் கையில் கோப்போடு வீடு வீடாக மணி அடித்தார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? சனிக்கிழமை காலையில் கோப்போடு ஒரு தமிழர் வாசலில் நின்றால், அவர் கோயில் கட்டக் காசு சேர்க்கிறார், அல்லது விளையாட்டுக் கழகத்துக்குச் சேர்க்கிறார். இது இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மணி அடித்ததும் உள்ளே டிவி சத்தம் குறையும். எங்கள் வீட்டில் அதைக் குறைப்பது என்னுடைய உத்தியோகம். தமிழர்கள் எல்லோரும் பகலில் தூங்குவார்களா என்று அன்யா கேட்டாளாம்.

அடுத்த சனிக்கிழமைகளில் திறந்த ஒன்றிரண்டு வீடுகளிலும் பெரிய பயன் இல்லை. தடுப்பூசி எழுதுகிற மஞ்சள் புத்தகத்தைக் கேட்டால் சாமி அறையிலிருந்து எடுத்து வந்தார்கள். சரஸ்வதி பூசைக்குப் பாடப் புத்தகங்களோடு இதையும் வைத்துச் சந்தனம் தடவியிருந்தார்கள். டொக்டர் போட்ட முத்திரைக்குச் சரியாக மேலே ஒரு பொட்டு.

எங்கள் வீட்டில் புத்தகமே இல்லை. அகதி முகாம், இன்னொரு முகாம், பிறகு இந்த வீடு என்று மாறியதில் எங்கோ போய்விட்டது. என் அப்பா ஆனந்தராசா கதவில் நின்றபடி அதற்கு விளக்கம் சொன்னார்.

“எங்கட வீட்டுக்கு அம்மாள் வந்திட்டுப் போட்டா. மூண்டு பிள்ளையளுக்கும் வந்தது. இனி வரமாட்டா.”

வந்தது கொப்பளிப்பான் என்கிற சின்னம்மை, இது வேறு என்று அண்ணை பொறுமையாகச் சொன்னார். அப்பா உதைபந்தாட்டத்துக்குக் கதையை மாற்றினார். அந்த விஷயத்திலிருந்து அவரைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது.

நாலு சனிக்கிழமை போனது. இருபத்திமூன்றில் பச்சை அடித்தவை எதுவும் இல்லை. சுகாதார அலுவலக டொக்டர், இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமைதான் தரலாம், மே மாதம் ஆறாம் தேதி, அன்றும் ஆட்கள் வராவிட்டால் மருந்துப் பெட்டியை வேறு ஊருக்கு அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார். அண்ணை எங்கள் படியில் வந்து உட்கார்ந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். அவருடைய சைக்கிள் மணியை அப்போதுதான் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டிருந்தேன். எதற்கு என்று கேட்க வேண்டாம். கழற்ற வந்தது, கழற்றினேன்.

“பிரபா, எங்கட ஆக்கள் ஆருக்குத்தான் கதவு திறப்பினம்?” என்று கேட்டார். பிரபாலினி என்பது என் முழுப்பெயர். பள்ளிக்கூடம் மட்டும்தான் அதைச் சொல்லும், அதுவும் கோபத்தில்.

“கார்ட் கொண்டு வாறவைக்கு,” என்றேன்.

அது உண்மை. கலியாணமோ, பெண்பிள்ளை பெரிய பிள்ளையான சாமத்திய வீடோ, அழைப்பிதழைத் தபாலில் போட்டால் குறை. வீட்டுக்கு நேரில் போய்க் கையில் கொடுக்க வேண்டும். அப்படி வருகிறவருக்கு எந்தக் கதவும் திறக்கும். உட்காரச் சொல்வார்கள், தேத்தண்ணி வரும். அண்ணை நிலத்தைப் பார்த்தார். பகிடி என்று நினைத்துவிட்டாராக்கும் என்று இருந்தேன். ஆனால் அவர் சிரிக்கவில்லை. நாங்களும் ஒரு கார்ட் அடிப்போமா என்று கேட்டார். நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

ஒரு வகுப்பை இரண்டு தரம் படித்த எனக்கு இந்த வேலை மட்டும் நன்றாக வரும். எனக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அம்மா பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருக்கும் அழைப்பிதழ்களில் படித்தது. எழுதினேன். ‘அன்புடையீர், நிகழும் மங்களகரமான விய வருடம் சித்திரைத் திங்கள் இருபத்திமூன்றாம் நாள் சனிக்கிழமை, தேவாலய மண்டபத்தில், எமது அன்புச் செல்வங்களின் சின்னமுத்துத் தடுப்பூசி வைபவம் நடைபெறத் திருவருள் கூடியுள்ளதால், தாங்கள் குடும்ப சமேதராய் வருகை தந்து செல்வங்களை வாழ்த்துமாறு அன்புடன் அழைக்கின்றோம்.’ மேலே பூரண கும்பம். கீழே, தங்கள் நல்வரவை நாடும் சில்வெஸ்டர், அன்யா.

ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் கணினியில் இருந்த எழுத்துகளில் மிகவும் சுருண்டதைத் தேர்ந்தெடுத்து, நடுவில் உள்ள வரியைப் பொன்நிறத்தில் போட்டேன். அழைப்பிதழை யாரும் நடுவில் வாசிப்பதில்லை. தேதியைப் பார்ப்பார்கள், மண்டபத்தைப் பார்ப்பார்கள், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவார்கள். நான் அதைத் தெரிந்துதான் செய்தேன். சில்வெஸ்டர் அண்ணை தமிழை மெதுவாகத்தான் வாசிப்பார். என் முன்னாலேயே முதல் வரியை வாசித்தார், கடைசியில் தன் பெயரை வாசித்தார், நல்ல வடிவாய் இருக்கிறது என்று சொல்லி எண்பது பிரதி அடித்தார்.

பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், சைக்கிளில் திரிந்தார், மணி இல்லாமல். எண்பது வீட்டிலும் கதவு திறந்தது. எண்பது வீட்டிலும் தேத்தண்ணி. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிசன். மூன்றாம் நாள் மாலை படியில் என்னைக் கண்டபோது அவர் முகம் வெளிச்சமாக இருந்தது.

“நான் இவ்வளவு நாளும் எங்கட சனத்தைப் பிழையா நினைச்சிட்டன், பிரபா. எல்லாரும் வாறம் எண்டு சொல்லுகினம்.”

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. படியில் வழுக்கிக்கொண்டு கீழே போய்விட்டேன்.

மே ஆறாம் தேதி, தேவாலயத்து மண்டபம். பத்து மணிக்கு நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வந்துவிட்டார்கள். எல்லோரும் பட்டு. பொடியன்கள் வேட்டி, சின்னப் பெண்பிள்ளைகள் பாவாடை சட்டை, தலை நிறையக் கனகாம்பரம் மாதிரித் துணிப் பூ. ஒருவர் வீடியோக் கமெராவும் விளக்கும் கொண்டுவந்து பொருத்தினார். வாசலில் நான் வைத்த சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு, இது கிருமி கொல்லும் மருந்தா என்று அன்யா கேட்டாள். ஓம் என்றேன். இரண்டு கையிலும் முழங்கை வரை தடவினாள்.

சில்வெஸ்டர் அண்ணை பச்சை மழைச்சட்டையோடு நடுவில் நின்று, தடுப்பூசிக்கு இவ்வளவு மரியாதையா என்று வியந்தவர் போல எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் அப்பா வந்தார். பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, ஒரு கண் நித்திரையில்லாமல், பட்டு வேட்டி கட்டி, பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரைஸ் குக்கர். சிவப்பு நாடா கட்டியிருந்தது. நேரே மேடைக்கு ஏறினார். மேடையில் சுகாதார அலுவலக டொக்டர் பஞ்சும் ஊசியும் வைத்துக்கொண்டு இருந்தார். அப்பா சுற்றிப் பார்த்தார். சாமத்தியப் பெண்ணின் பக்கத்து ஆள் யாரோ என்று நினைத்திருக்க வேண்டும். குக்கரை அந்த அம்மாவின் மடியில் வைத்து, வீடியோக்காரர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அரசாங்க உத்தியோகத்தர் பரிசு வாங்கக்கூடாது, இது லஞ்சத்தில் சேரும் என்று அந்த டொக்டர் ஜெர்மனில் மெதுவாகச் சொல்லிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். அப்பாவுக்கு விளங்கவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்டார். யாரோ ஒருவர் அழைப்பிதழை எடுத்து நடுவரியைச் சத்தமாக வாசித்தார்.  பிறகு நூறு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கதிரைக்குப் பின்னால் குந்தியிருந்து.

அப்பா சிரிக்கவில்லை. பெட்டியை மேடையிலேயே விட்டார். அம்மாவையும் எங்கள் மூவரையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வேறு சிலரும் எழும்பினார்கள். வாசலில் நான் திரும்பிப் பார்த்தேன். சில்வெஸ்டர் அண்ணை ஒலிவாங்கியைக் கையில் எடுத்திருந்தார். 

“கார்ட்டில பிழை விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இது சாமத்திய வீடு இல்லை. ஆனந்தராசா அண்ணையின்ர கட்டடத்தில, நாலாம் மாடியில ஒரு பிள்ளை இருக்கு. ஏழு மாசம். இன்னும் ஒருக்காலும் கீழ இறங்கேல்ல. உங்கட பிள்ளையளுக்கு இண்டைக்கு ஊசி போட்டால் அது கீழ இறங்கலாம். அவ்வளவுதான்.”

மூன்றாம் மாடிச் சந்திரகாந்தி அக்கா தன் மகனின் சால்வையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

“உடுத்துக்கொண்டு வந்திட்டம். சும்மா போறதோ? ஊசியைப் போட்டுக்கொண்டு போவம்.”

அதற்குப் பிறகு நடந்ததை வீடியோவில்தான் பார்த்தேன். பட்டுச் சட்டைக் கையை மடிக்கிறார்கள், ஊசி குத்துகிறார்கள், பிள்ளை வாயைத் திறக்கிறது, பின்னால் நாதஸ்வரம் போகிறது, அழுகிற முகத்தைச் சுற்றி இதய வடிவம் சுழல்கிறது. வீடியோக்காரர் தன் தொழிலில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அன்று மாலை நாலாம் மாடித் தாளில் இருபது கட்டங்கள் பச்சையாகின. வெள்ளையாக இருந்தவை மூன்று. மூன்றும் முதலாம் மாடியில், எங்கள் வீட்டில்.

ஞாயிற்றுக்கிழமை சில்வெஸ்டர் அண்ணை ரைஸ் குக்கரைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா இருக்கச் சொல்லவில்லை. நான் அறைக் கதவின் பின்னால் நின்றேன். என் பெயர் எப்போது வரும் என்று கதவில் காதை வைத்தேன்.

“உந்தக் கார்ட் நீர் எழுதினதோ?” என்று அப்பா கேட்டார்.

“கீழ என்ர பேர்தானே கிடக்கு, அண்ணை.”

“வாசிக்காமலோ குடுத்தனீர்?”

“முதல் வரியும் கடைசி வரியும் வாசிச்சன்.”

எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்திருக்கிறார். ஆனால் அப்பா இளகவில்லை. படித்தவர்களுக்குத் தொழிற்சாலைக்காரன் என்றால் பகிடியாகப் போய்விட்டது, என் பிள்ளைகளுக்கு ஊசி தேவையென்றால் எங்களுக்கென்று ஒரு டொக்டர் இருக்கிறார், ஆறு கிழமையில் டெர்மின் தருவார், அவரிடம் போடுவோம் என்றார். அண்ணை பெட்டியை நடையில் இறக்கி வைத்தார். ஆறு கிழமை மேலே இருக்கிற பிள்ளைக்குக் கனகாலம் என்று மட்டும் சொன்னார். படி இறங்கும் சத்தம் கேட்டது. என் பெயர் கடைசிவரை வரவில்லை.

அதற்குப் பிறகு நான் யாருக்கும் ஒரு சேட்டையும் செய்யவில்லை. மூன்று நாள். என் வாழ்க்கையில் அது நீண்ட காலம்.

புதன்கிழமை பள்ளியில் ஒரு கடிதம் வாசித்தார்கள். எங்கள் வகுப்பில் ஒருவனுக்குச் சின்னமுத்து. முந்தின நாள்தான் என் பக்கத்துக் கதிரையில் இருந்து இருமு இருமு என்று இருமினவன். ஊசிப் புத்தகம் இல்லாதவர்கள் உடனே வீட்டுக்குப் போகவேண்டும், தொற்றிய மூன்று நாளுக்குள் ஊசி போட்டால் பெரும்பாலும் தடுக்கலாம் என்று கடிதத்தில் இருந்தது. வேறு நாள் என்றால் வீட்டுக்கு அனுப்பியதற்கு நான் துள்ளியிருப்பேன்.

கட்டடத்துக் கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தேன். மேலே படி இறங்கும் சத்தம். கலாதேவி அக்கா குப்பைப் பையோடு இறங்கிக்கொண்டிருந்தார்.

“கிட்ட வராதேங்கோ, அக்கா,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“இண்டைக்கு என்ன பகிடி?” என்று கேட்டுக்கொண்டே இன்னும் ஒரு படி இறங்கினார்.

பகிடி இல்லை என்றேன். அதையும் நம்பவில்லை. நான் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? நான் நாள்தோறும் பிடிக்கிற படிக் கைப்பிடியைத் தொட்ட கையோடுதான் அவர் மேலே போய்க் குஞ்சைத் தூக்குவார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. திரும்பித் தெருவுக்கு ஓடினேன். மழையில் எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பில் போய் நின்று, அவர் குப்பையைப் போட்டுவிட்டு உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இருமல் வருகிறதா என்று எனக்கே பயமாக இருந்தது.

வீட்டுக்குள் போனபோது அப்பா இரவு வேலைக்காக நித்திரையாக இருந்தார். தட்டி எழுப்பினேன். கடிதத்தைக் கொடுத்தேன். அவர் வாசித்து முடிக்கும் முன்பே சொன்னேன்.

“கார்ட் எழுதினது நான், அப்பா. அவர் இல்லை.”

அப்பா எழும்பி உட்கார்ந்தார். 

“அப்ப ஏன் அவன் உன்ர பேரைச் சொல்லேல்ல?”

“எனக்கு அடி விழும் எண்டு நினைச்சிருப்பார்.”

“நான் எப்பயடி உனக்கு அடிச்சனான்?”

அதுவும் உண்மை. அடிப்பேன் அடிப்பேன் என்று பதினைந்து வருடமாகச் சொல்கிறார், இன்னும் தொடங்கவில்லை. நடையில் நாடாவோடு நின்ற பெட்டியைப் பார்த்தார்.

“நான் அந்த அம்மான்ர மடியில குக்கரை வைக்கேக்க நீ சிரிச்சனியோ?”

“ஓம், அப்பா.”

“கனக்கவோ?”

“கனக்க.”

கட்டில் ஆடியது. அழுகிறாராக்கும் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். நாலு நாள் பிந்தி, சத்தமில்லாமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்து, தானே சில்வெஸ்டர் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா, ஓம் தம்பி, ஓம் தம்பி என்று மட்டும் சொன்னார். அதுவரை அவரைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சுகாதார அலுவலகத்தில் நின்றோம். அண்ணை விரிவுரையை விட்டுவிட்டு வந்திருந்தார். அதே டொக்டர் அப்பாவைக் கண்டதும், இன்றைக்குப் பரிசு ஒன்றும் இல்லையா என்று கேட்டார். அண்ணை மொழிபெயர்த்தார். அப்பா இரண்டு வெறுங்கையையும் விரித்துக் காட்டினார். தம்பி அழவில்லை, தங்கை அழவில்லை. நான் அழுதேன் என்று ஒரு வதந்தி உண்டு. அதற்கு வீடியோ இல்லை.

பஞ்சை அமத்திப் பிடித்துக்கொண்டு சில்வெஸ்டர் அண்ணை என் காதருகே சொன்னார்.

“அடுத்த தரம் எழுத்தைக் கொஞ்சம் நேரா எழுது. எனக்கு வாசிக்கக் கஷ்டம்.”

அதற்குப் பிறகு இரண்டு கிழமை மூவரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும், படிக்கட்டில் கால் வைக்கக்கூடாது என்பது கட்டளை. ஒவ்வொரு நாளும் அண்ணை தெருவில் நின்று யன்னலைப் பார்த்து விரலால் கேட்பார். காய்ச்சலா, புள்ளியா? நாங்கள் தலையாட்டுவோம், இல்லை. ஒரு நாள் நான் சிவப்புப் பேனையால் முகம் முழுக்கப் புள்ளி வைத்துக்கொண்டு யன்னலுக்கு வந்தேன். மனிசன் தெருவைக் கடந்து வேகமாக ஓடி வந்தார். பாதி வழியில் நின்றார். நிலத்தைப் பார்த்தார். தோள் குலுங்கியது.

ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. பதினாறாம் நாள், ஒரு சனிக்கிழமை, அண்ணை மேலே போய்க் கடைசி மூன்று கட்டத்துக்கும் பச்சை அடித்தார். அப்பா ரைஸ் குக்கரை நாலாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய், பிள்ளைக்கு முதல் சோறு இதில் காய்ச்சுங்கோ என்று கொடுத்தார். பட்டு வேட்டி கட்டியிருந்தார். இந்தத் தரம் சரியான இடம்.

கட்டடத்துப் பிள்ளைகள் இருபத்திமூன்று பேரும் படியில் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றோம். யாரும் சொல்லவில்லை, ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கலாதேவி அக்கா ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். மறுகையில் குஞ்சு. முதல் தரம் பார்த்தேன். இரண்டு பாண் அளவு இருந்தது. கண் மட்டும் பெரிசு. எங்கள் எல்லோரையும் ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டே இறங்கியது.

கீழே அப்பா தள்ளுவண்டியின் பிளாஸ்டிக் உறையை உரித்தார். கைப்பிடியில் ஒரு சைக்கிள் மணி பூட்டியிருந்தது. நான்தான் விடிய எழும்பி, உறைக்குள் கையை விட்டுப் பூட்டினேன். அக்கா பிள்ளையை வண்டியில் வைத்தார். வாசல் வரை தள்ளினார். பிறகு மணியைக் கண்டு ஒருதரம் அடித்துப் பார்த்தார்.

சில்வெஸ்டர் அண்ணை வாசலில் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சத்தத்தைக் கேட்டதும் தன் சைக்கிளைப் பார்த்தார். பிறகு என்னை மரியாதையாகப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். நான் எண்ணிக்கொண்டு நின்றேன்.